‘எனக்கப்புறம் தம்பியை நீதான் பார்த்துக்கணும், சத்தியம் பண்ணு’ என்கிறார் அம்மா

ஒரு வாசகி எழுதிய ஆறு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன். எழுதியவருக்கு 31 வயது. கோவையில் வங்கி வேலை, விடுதியில் தங்கியிருக்கிறார். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். பெற்றோரும் 27 வயதுத் தம்பியும் காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

தம்பி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது விடுதியில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். திரும்பப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனக்குள் பேசினார். மனநோய் தீரும் என்று நம்பப்படும் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மனநல மருத்துவர். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றார். மாத்திரையில் நன்றாகத் தேறினார், தேறியதும் நிறுத்தினார், மறுபடி வந்தது. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளாக அம்மா மாத்திரையைப் பொடித்துக் காலைக் காபியில் கலந்து கொடுக்கிறார். ஒருநாள் தம்பி அதைப் பார்த்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டை வீசியதில் அம்மாவுக்கு நெற்றியில் மூன்று தையல். அப்பா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார். ‘நோயாவது ஒன்றாவது, திமிர்’ என்பது அவர் கருத்து.

வாசகிக்கு இரண்டு வரன்கள் தம்பியின் காரணமாகத் தட்டிப்போயின. மூன்றாவது வரன் கூடிவருகிறது. ‘பையன் துபாயில் வேலை பார்க்கிறான்’ என்று பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். கூடவே, தூரத்து உறவில் ஓர் ஏழைப் பெண்ணைத் தம்பிக்குக் கட்டிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்புகிறார். அப்பா வீட்டை மகள் பேரில் எழுதிவைக்கிறேன் என்கிறார், தம்பியைக் கடைசிவரை அவர் பார்த்துக்கொள்வதாக இருந்தால். அம்மா கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் கேட்கிறார். ‘பதினெட்டு வயதில் கிடைத்த உள்ளூர்க் கல்லூரி போதும் என்று இருக்காமல் வெளியூர் போயிருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்குமா, நான் சண்டையில் சொன்ன ஒரு சொல்லால்தான் அவனுக்கு இப்படி ஆனதா, எனக்கும் வருமா, என் பிள்ளைக்கு வருமா, சத்தியம் செய்யலாமா?’ என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்தச் சத்தியத்தை இப்போது செய்யாதீர்கள். தம்பியைக் கைவிடுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பதினைந்து வேலைகள் அடைந்து கிடக்கின்றன. அவற்றில் எது உங்களால் முடியும், எது சட்டம் செய்யும், எது பணம் செய்யும், எது தம்பியே செய்துகொள்வார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்காமல் மொத்தமாகத் தலையில் ஏற்றிக்கொண்ட அக்காக்களையும் அண்ணன்களையும் என் ஓ.பி.யில் நிறையப் பார்க்கிறேன். சில வருஷம் தாங்குவார்கள். அப்புறம் ஃபோனை எடுக்க மாட்டார்கள். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஊர் சொல்லும். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

நீங்கள் சொன்ன சொல்லால் வந்த நோயா?

தம்பி ஊருக்குத் திரும்பி வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பொங்கல் லீவில், ‘நீ நடிக்கிற, உனக்கு எல்லாரும் உன்னையே கவனிக்கணும்’ என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியதைப் படியுங்கள்: பிளஸ் டூ கடைசியிலேயே நண்பர்களை விட்டு விலகினான், குளிக்கச் சொன்னால் கோபப்பட்டான், நன்றாகப் படித்தவனின் மார்க் சரிந்தது. அதுதான் தொடக்கம். பெரும்பாலும் இந்த நோய் குரல் கேட்பதோடு ஆரம்பிப்பதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இப்படி ஓசையில்லாமல் வரும். நீங்கள் கத்திய அன்று அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. என்ன பெயர் என்று தெரியாமல் நீங்கள் அதைத்தான் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறீர்கள்.

குடும்பத்தைக் குற்றவாளியாக்கியதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. 1948-ல் ஃபிரீடா ஃப்ரொம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் வளர்ப்பே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்ற பொருளில் ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அது பாடமாகவே பல வருஷம் ஓடியது. எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டு நொறுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்தக் கருத்து ஆதாரமில்லாதது என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. நம் நாட்டில் அதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் கூட்டாளிகளாக்கினார். வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தோடு சேர்த்தே நோயாளியைப் பார்க்கும் வழக்கத்தை வளர்த்தது. ஒரு பக்கம் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள், இன்னொரு பக்கம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள். உங்கள் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். அவரும் ‘கர்ப்பமாக இருக்கும்போது நான் அழுதுகொண்டே இருந்தேன்’ என்று எங்கேயோ ஒரு கணக்கு வைத்திருப்பார்.

சரி, குடும்பத்துக்கு எந்தப் பங்கும் இல்லையா? நோய் வருவதில் இல்லை, திரும்ப வருவதில் இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவரைத் தொடர்ந்தவர்களும் பார்த்த விஷயம் இது. ஓயாத குத்தல் பேச்சு, வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திப் பார்ப்பு, இவை உள்ள வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு நோய் திரும்புவது அதிகம். அப்பாவின் ‘திமிர்’ என்ற சொல்லும், 27 வயது ஆளுக்கு அம்மா சோறு பிசைந்து கொடுப்பதும் ஒரே தராசில் வருகின்றன என்றால் அம்மா வருத்தப்படுவார். ஆனாலும் மெதுவாகச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவிடம் ஒன்று சொல்லலாம்: எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பது, குளிக்காதது, பேசாதது, இவையும் நோயின் அறிகுறிகள்தான். குரல் கேட்பதை மாத்திரை ஓரளவு சீக்கிரம் அடக்கும். இவை மெதுவாகத்தான் இளகும். நாற்பது வருஷம் வகுப்பறையில் நின்றவருக்குச் சோம்பேறிப் பையன் யார், முடியாத பையன் யார் என்று தெரியும். சொந்தப் பிள்ளை என்பதால்தான் கண் மறைக்கிறது.

எனக்கு வருமா, பிள்ளைக்கு வருமா என்ற கேள்விக்கு எண்ணிக்கையிலேயே பதில் சொல்கிறேன். பொதுவாக நூறு பேரில் சுமார் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூறில் ஏறக்குறைய ஒன்பது. அண்ணன் தம்பி அக்கா தங்கைக்கு இருந்து, அவர்களுடைய உடன்பிறந்தாரின் பிள்ளைகள் என்றால், அதாவது உங்கள் பிள்ளைகள் என்றால், நூறில் நான்கு அளவில். இவை ஐரோப்பியக் குடும்பங்களைப் பல பத்தாண்டுகள் கவனித்துத் தொகுத்த பழைய கணக்குகள். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். மரபணு மட்டுமே எல்லாம் என்றால் அது நூறாக இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுத் தாமதமாகவும் வரலாம் என்பதால், 31 தாண்டியாயிற்று, இனி இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வராவிட்டால் ‘ஆரம்பமாகிவிட்டதோ’ என்று நீங்கள் பயப்படுவது நோயின் அறிகுறியல்ல, எட்டு வருஷக் களைப்பின் அறிகுறி. அந்தக் களைப்புக்காக நீங்களும் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். தம்பிக்காக அல்ல, உங்களுக்காக. உள்ளூர்க் கல்லூரிக்கு நீங்கள் போனது, டூர் போகாதது, உங்கள் பிறந்தநாளை வீட்டில் மறந்துபோனது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்காகத் தம்பிமேல் பொறாமைப்பட்டேன் என்றும், பொறாமைப்பட்டதற்காக வெட்கப்படுகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வீடுகளில் வளர்ந்த எல்லோரிடமும் இது இருக்கிறது. சொல்பவர்கள் குறைவு.

காபியில் கலந்த மாத்திரை

அம்மாவை நான் திட்டப்போவதில்லை. மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று இரண்டு முறை பார்த்தவர், அதனால் செய்கிறார். இப்படிச் செய்யும் தாய்மார்கள் ஏராளம். ஆனாலும் இது நிற்க வேண்டும்.

உங்கள் தம்பியின் நோயில் உள்ள சந்தேகம் என்ன? யாரோ தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்பது. இப்போது வீட்டில் உண்மையாகவே யாரோ அவர் குடிப்பதில் ஏதோ கலக்கிறார்கள். நோய் சொன்ன பொய்யை நாமே மெய்யாக்கிவிட்டோம். காரணம் தெரியாமல் பகலெல்லாம் தூக்கம் வருகிறது, எடை கூடுகிறது, வாய் உலர்கிறது என்றால் அவர் எதை நினைப்பார்? தட்டை வீசிய அன்று அவர் கோபத்தில் பாதி நோயுடையது, பாதி ஏமாற்றப்பட்டவரின் கோபம். இன்னொரு விஷயம், அளவு. பாதிக் காபியை வைத்துவிட்டுப் போனால் பாதி மருந்துதான். டாக்டர் அது தெரியாமல் மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். ரிஸ்பெரிடோன் திரவ மருந்தை டீயில் கலக்கவே கூடாது, ஒத்துப்போகாது. இதெல்லாம் யாரும் அம்மாவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதற்காக நாளைக் காலையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நின்றால் நோய் திரும்பும். முதலில் நீங்களோ அப்பாவோ டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், காபியில்தான் போகிறது என்று. நீண்ட நாள் வேலை செய்யும் ஊசிகள் இருக்கின்றன. சில வகை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில வகை மாதத்துக்கு ஒருமுறை. தினமும் மாத்திரைச் சண்டை வேண்டாம் என்பதற்காகவே விரும்பி ஊசிக்கு மாறியவர்கள் உண்டு. தம்பி ஏன் மாத்திரையை வெறுக்கிறார் என்றும் கேளுங்கள். ‘உடம்பு ஊதுது, மந்தமா இருக்கு’ என்றால் அது நியாயமான புகார். மருந்தை மாற்றலாம், குறைக்கலாம், சர்க்கரையும் எடையும் பார்க்கலாம். பல மருந்துகளுக்கும் அசையாத நோய்க்கு க்ளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அதற்கு ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதால் வீட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது.

குணசீலம் போனது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலுக்குப் போனதில் என்ன தப்பு? மருந்தில்லாமல் போன மாதங்கள்தான் நஷ்டம். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகத் தேறுவதும் மெதுவாகும். மாத்திரையும் போட்டுக்கொண்டு பெருமாளையும் கும்பிடலாம்.

கட்டாயமாகச் சேர்ப்பது, ‘ஹோம்’ பார்ப்பது

சித்தி ஒரு ‘ஹோம்’ பெயரைச் சொல்லி, ஆம்புலன்சில் நாலு பேர் வந்து அமுக்கித் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றாராம். வேண்டாம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவர் சம்மதிக்காத நிலையில் சேர்க்க ஒரு முறை இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவர், எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னையே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கும் நிலை என்று இருவருக்கும் தோன்ற வேண்டும். அப்போதும் முதல் தடவை அதிகபட்சம் 30 நாள். உரிமம் பெற்ற இடத்தில் மட்டும். எந்த இல்லமானாலும் மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதை இந்தச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டதும் குடும்பங்கள்தான், பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பங்கள்.

இந்த நியமனப் பிரதிநிதி யார் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். வெள்ளைத்தாள் போதும். நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் இதே சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் யாரையும் எழுதவில்லை என்றால் உறவினர் என்ற முறையில் பெற்றோரோ நீங்களோ அந்த இடத்தில் நிற்கலாம். ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்தவர் என்றால் நெருக்கடி நேரத்தில் அந்த ஆளின் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

அம்மாவின் நெற்றித் தையலைச் சும்மா விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை, அடிவாங்குபவர்களே அதிகம். ஆனால் உங்கள் வீட்டில் நடந்தது நடந்ததுதான். நோய் காரணம் என்பதால் அம்மா அடிபட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தூக்கம் குறைவது, ராத்திரி நடமாட்டம், சாப்பாட்டைச் சந்தேகமாகப் பார்ப்பது என்று வழக்கமாக வரும் முன்னறிகுறிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே டாக்டரிடம் போனால் தட்டு பறக்கும் நாள் வராது. குரல் உயர்ந்தால் வாதம் செய்யாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 108, 112. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், குடும்பத்தாரும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை மனநல ஓ.பி. என்று கேட்டாலே சொல்வார்கள். மருந்து இலவசம்.

இரண்டு கல்யாணங்கள்

முதலில் தம்பியின் கல்யாணம். அம்மா சொல்லும் அந்தப் பெண்ணின் வீட்டில் நோயைப் பற்றிச் சொல்லப்போவதில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இதற்கு நீங்கள் குறுக்கே நிற்கத்தான் வேண்டும். கல்யாணத்தால் மனச்சிதைவு குணமாகாது. நான் பார்த்தவரை, கல்யாணம் நிச்சயமானதும் நிற்கும் முதல் விஷயம் மாத்திரைதான். பெண்ணுக்குத் தெரிந்துவிடுமே! மருந்தில்லாமல், கல்யாண வீட்டு அலைச்சலும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் நோய் திரும்பி நிற்கும். அப்போது எதுவுமே தெரியாத ஒரு பெண், ஏழை வீட்டுப் பெண், அந்த அறைக்குள் இருப்பாள். 1955-ன் இந்து திருமணச் சட்டத்தில், முக்கியமான உண்மையை மறைத்து வாங்கிய சம்மதம் திருமணத்தை ரத்து செய்யக் காரணமாகலாம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இந்த நோய் உள்ள எவருமே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பதில்லை. நோய் கட்டுக்குள் இருந்து, இருவருக்கும் எல்லாம் தெரிந்து, இருவரும் விரும்பிச் செய்துகொண்டு நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முதலில் தம்பிக்கு அந்த விருப்பம் இருக்க வேண்டும்.

இனி உங்களுடையது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தரகர் மூலமாகவோ மாமா மூலமாகவோ அல்ல, அந்தப் பையனிடம் நீங்களே. ‘என் தம்பி துபாயில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறான். அவனுக்கு மனச்சிதைவு நோய், எட்டு வருஷமாக. மருந்தில் இருக்கிறான். அவனுக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்வேன்.’ இவ்வளவு போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். மணமகளின் தம்பியின் நோய் உங்கள் கல்யாணத்தைச் செல்லாததாக்கப் போவதில்லை. ஆனால் துபாய்ப் பொய் ஒரு தீபாவளிகூடத் தாங்காது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தால் தம்பியை எந்த அறையில் வைத்துப் பூட்டுவீர்கள்? சொன்னால் இந்த வரனும் போய்விடலாம். அந்த ஆபத்து உண்மை, இல்லை என்று நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அதைக் கேட்டுவிட்டுப் பயந்து போகிறவரோடு, அம்மாவுக்குப் பின் வரப்போகும் வருஷங்களை எப்படிக் கடப்பீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

‘பார்த்துக்கொள்வது’ என்றால் என்னென்ன

அப்பா வீட்டை உங்கள் பேரில் எழுதுவது அன்பால்தான். ஆனால் அது தம்பிக்குப் பாதுகாப்பு ஆகாது. செட்டில்மென்ட் பத்திரம் பதிந்துவிட்டால் வீடு உங்களுடையது. நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் அது உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். தம்பி அந்த வீட்டில் இருப்பது அவர்கள் தயவைப் பொறுத்தது. நோய் இருப்பதால் தம்பிக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்று மாமா சொன்னதும் தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டம், எந்த நோயும் குறையும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்பா ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உயில் எழுதட்டும். தம்பிக்கு வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை, அவருக்குப் பின் யாருக்கு என்று எழுதலாம். அல்லது ஒரு தனியார் அறக்கட்டளை அமைத்து, உங்களோடு இன்னொருவரையும் அறங்காவலராகப் போடலாம். அந்த இன்னொருவர் முக்கியம். தனி ஆளாக நிற்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று, அப்பாவின் பென்ஷன். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில், மனநோயாலோ ஊனத்தாலோ சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ வயது வரம்பைத் தாண்டியும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் தம்பிக்கு. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அப்பா இருக்கும்போதே கருவூலத்தில் போய், என்னென்ன தாள் வேண்டும், இப்போதே பதிய முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். இருவரும் போன பிறகு நீங்கள் ஒற்றை ஆளாக அலைவதைவிட, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நேரில் போய் நிற்பது எவ்வளவோ மேல். மகனோடு பேசாத அப்பாவுக்கு மகனுக்காகச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கும். இந்த மாதிரி அப்பாக்கள் பேசிப் பார்ப்பதைவிட அலைந்து திரிவதில்தான் பாசத்தைக் காட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு வகை. அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். தம்பி உங்களை நம்பி வாழும் நிலையில், பழைய வருமான வரி முறையில் உங்களுக்கும் கழிவு உண்டு. நேஷனல் டிரஸ்ட் மூலம் காப்பாளர் ஆகலாம் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றுக்கு, மனச்சிதைவுக்குப் பொருந்தாது. அலைய வேண்டாம். மருத்துவக் காப்பீட்டிலோ, மனநோய்ச் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைப் போலவே இடம் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் போக மீதி இருப்பதுதான் உங்கள் பங்கு. மாதம் ஒருமுறை ஊசிக்குக் கூடப் போவதா, ஞாயிறு ஃபோனா, பணமா, நெருக்கடியில் கையெழுத்தா? எது முடியும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது முடியாது என்றால் அதையும் இப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மா அழுவார். ஆனால் அவர் இருக்கும்போதே மாற்று ஏற்பாட்டை யோசிக்க நேரம் கிடைக்கும். உள்ளூரில் சமையலுக்கு ஆள், பகல்நேர மறுவாழ்வு மையம், வீட்டின் ஒரு பகுதியை நம்பகமான குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது, இப்படி எத்தனையோ உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வேலைப் பயிற்சியும் குடும்பத்தாருக்கு வழிகாட்டலும் தந்து வருகிறது. அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்க ஓரத்தில், இடம் போதாமல் பக்கவாட்டில் எழுதிய ஒரு வரி. போன ஆடியில் நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, ‘நான் இல்லன்னா உனக்கு எப்பவோ கல்யாணம் ஆயிருக்கும்ல’ என்றாராம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டீர்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், நன்றாகத் தெளிந்து தன் நிலையைப் பார்க்கும் நேரத்திலும் அது வரும். ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அன்றே டாக்டர், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரை டப்பா அம்மாவின் கையில் இருக்கட்டும்.

அந்த வரியில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அவரிடம் மறைப்பதாக நினைக்கும் எல்லாமே அவருக்குத் தெரியும். வரன் தட்டிப்போனது, துபாய், காபி, ஒருவேளை கற்பூரச் சத்தியமும். ஆறு பக்கத்தில் அம்மா சொன்னது, அப்பா சொன்னது, சித்தி, மாமா சொன்னது எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன விரும்புகிறார் என்பது எங்குமே இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதே மாடிப்படியில் பக்கத்தில் உட்காருங்கள். ‘உன்னாலதான்னு நான் நினைக்கல. அம்மா அப்பாவுக்கு அப்புறம் நீ எங்க, எப்படி இருக்கணும்னு நினைக்கிற?’ என்று கேளுங்கள். அன்றே பதில் வராது. இரண்டு நாள் கழித்து, சம்பந்தமில்லாத நேரத்தில், ரேடியோவை நோண்டிக்கொண்டே சொல்வார். அப்போது பக்கத்தில் இருங்கள். மேலே சொன்ன பட்டியலை அதற்கப்புறம் எழுதுங்கள்.